கரும்பச்சைக் கீரையா, வெளிர்பச்சைக் கீரையா?

போன வருடம் ஆடி மாசம். பேப்பர் படிக்கும்போது நடுவில் இருக்கிற எழுத்து மட்டும் மங்குது என்று அம்மா சொல்ல ஆரம்பித்தார். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் போனோம். மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா வயதினால் சிதைய ஆரம்பித்திருக்கிறது என்றார். இப்போதைக்கு நடுத்தரக் கட்டம். தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது, "கீரை நல்லா சேத்துக்கோங்கம்மா" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அம்மா பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பைகளில் கீரை இருக்கிறது. அரைக்கீரை, முளைக்கீரை, கொஞ்சம் பாலக். எல்லாம் தொழுவுரமும் மண்புழு உரமும் போட்டு வளர்ப்பது. பார்க்க வெளிர்பச்சையாக, சின்ன இலையாக இருக்கும். தெருவில் வண்டியில் வரும் கீரையோ கருகருவென்று, உள்ளங்கை அகலத்துக்கு இலை. அம்மா இரண்டையும் சமையல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, கண்ணுக்கு எது நல்லது? கடைக்கீரையா, நம்ம கீரையா?"

"இதென்னம்மா கேள்வி, நம்ம கீரைதான். யூரியா படாதது" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறுத்தியது. வேதியியல் படித்தவன். எந்த ஆதாரத்தில் சொன்னேன்? அன்று ராத்திரி தேட ஆரம்பித்தது, மூன்று மாதம் இழுத்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்த மூன்று மாதக் குறிப்புகளின் சுருக்கம். நான் சொன்ன பதில் பாதி தப்பு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதுவும் அம்மாவுக்குத் தேவைப்பட்ட பாதி.

முதலில் கண்ணுக்கு வேண்டியது என்ன என்று பார்ப்போம். மாக்குலாவின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் லூட்டின், சியாசாந்தின் என்ற இரண்டு நிறமிகள். நீல ஒளியை வடிகட்டுவது இவற்றின் வேலை. நம் உடம்பால் இவற்றைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வரணும். 1994-இல் அமெரிக்காவில் ஜோஹன்னா செடன் குழு வெளியிட்ட ஆய்வில், கரோட்டினாய்டுகளை அதிகமாகச் சாப்பிட்ட பிரிவினருக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட, மாக்குலா சிதைவின் முற்றிய நிலை வரும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவாக இருந்தது. அதிலும் லூட்டின், சியாசாந்தின் இரண்டுக்கும்தான் தொடர்பு பலமாகத் தெரிந்தது. அவை முக்கியமாகக் கரும்பச்சைக் கீரைகளிலிருந்து வருபவை. 2013-இல் வந்த பெரிய மருத்துவப் பரிசோதனையில் தினம் 10 மி.கி. லூட்டினும் 2 மி.கி. சியாசாந்தினும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அம்மாவின் மாத்திரைப் பெட்டியில் இருப்பதும் அதே அளவுதான். 100 கிராம் பச்சை ஸ்பினாச்சில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 12 மி.கி. இருக்கிறது என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை. ஆக, மருத்துவர் கீரையைச் சும்மா சொல்லவில்லை.

(ஒரு சின்ன இடைச்செருகல். நாம் பாலக் என்று வாங்குவது பெரும்பாலும் மேல்நாட்டு ஸ்பினாச் கிடையாது. அது பீட்ரூட்டின் நெருங்கிய சொந்தம். ஆனால் ஸ்பினாச், பாலக், நம்ம முளைக்கீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி எல்லாமே ஒரே குடும்பம். அதனால் ஒன்றில் தெரிந்ததை இன்னொன்றுக்கு ஓரளவு பொருத்திப் பார்க்கலாம்.)

இப்போது உரத்துக்கு வருவோம். லூட்டினின் மூலக்கூறைப் பார்த்தால் அதில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும்தான். நைட்ரஜன் ஒரு அணு கூடக் கிடையாது. அப்படியானால் தழைச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இலைக்குள் லூட்டின் தனியாக மிதப்பதில்லை. ஒளியைப் பிடிக்கும் புரதக் கொத்துகளில் பச்சையத்தோடு சேர்ந்து செருகப்பட்டிருக்கிறது. அந்தப் புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நான்கு நைட்ரஜன் அணு வேண்டும். தழைச்சத்து கிடைத்தால் செடி இந்தக் கொத்துகளை நிறையக் கட்டும், இலை கறுக்கும், கூடவே லூட்டினும் பீட்டா கரோட்டினும் ஏறும். தழைச்சத்து பற்றாக்குறை என்றால் செடி அந்தப் புரதங்களையே பிரித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும், லூட்டினும் குறையும். 1993-இல் மொசாஃபர் என்பவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். நைட்ரஜன் உரம் கூடினால் பொதுவாகக் கரோட்டின் கூடுகிறது, வைட்டமின் சி குறைகிறது என்பது அதன் சாரம்.

அதாவது, வண்டிக்காரரின் கருகரு கீரையில் அம்மாவின் கண்ணுக்கு வேண்டியது அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. என் மாடிக்கீரை வெளுத்திருந்தது பரிசுத்தத்தின் அடையாளம் இல்லை, அது பசியின் அடையாளம்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. காலே என்ற கோசுக்கீரையில் நைட்ரஜனை ஏற்றி ஏற்றிப் பார்த்த ஆய்வில், காய்ந்த எடைக்கு லூட்டின் நேர்க்கோட்டில் ஏறியது. பச்சை எடைக்குப் பார்த்தால் அந்த ஏற்றம் காணாமல் போனது. காரணம் சாதாரணமானது: தழைச்சத்து அதிகம் தின்ற இலை தண்ணீரையும் அதிகம் குடிக்கிறது. நாம் கட்டுக் கட்டாக வாங்குவது பச்சை எடையைத்தான். ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது எந்த எடைக்கு என்று பார்க்காமல் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்துவிடுவோம். இணையத்தில் சுற்றும் "இரண்டு மடங்கு சத்து" வகைச் செய்திகளில் பாதி இந்தக் குழியில் விழுந்தவைதான்.

சரி, மறுபக்கம். "இயற்கை உரக் கீரையில் ஆன்டி ஆக்சிடண்ட் அதிகம்" என்று சொல்கிறார்களே, அது வெறும் விளம்பரமா? இல்லை, அதிலும் விஷயம் இருக்கிறது. உள்ளே நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செடிக்குள் ஃபீனைல் அலனின் என்று ஒரு அமினோ அமிலம். அதற்கு முன்னால் இரண்டு வழி. ஒரு வழியில் போனால் புரதமாகும், அதாவது இலை வளரும். இன்னொரு வழியில் ஒரு நொதி அதிலிருந்து அம்மோனியாவைக் கழற்றிவிடும். மிச்சமிருக்கும் கார்பன் கூடு குவெர்செட்டின், கேம்ப்ஃபெரால் போன்ற ஃபிளேவனாய்டுகளாக, ஃபீனால் சேர்மங்களாக மாறும். இவை செடிக்கு வெயில் தடுப்பு, பூச்சி தடுப்பு, காயத்துக்கு மருந்து. கழற்றிய அம்மோனியாவைச் செடி வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளும். கையில் தழைச்சத்து தாராளமாக இருக்கும்போது செடி முதல் வழியில் போகிறது. தட்டுப்பாடு வந்தால் வளர்ச்சி நிற்கும், ஆனால் வெயில் நிற்காது, சர்க்கரை உற்பத்தி உடனே நிற்காது. செலவழிக்க வழியில்லாத கார்பனும், திரும்பப் பிடிக்க வேண்டிய நைட்ரஜனும் சேர்ந்து இரண்டாவது வழியைத் திறந்துவிடுகின்றன. வளர்வதா, தற்காத்துக்கொள்வதா என்ற இந்த இழுபறியை 1983-இல் பிரையன்ட் குழுவும் 1992-இல் ஹெர்ம்ஸ், மாட்சன் இருவரும் கோட்பாடாக எழுதினார்கள். எல்லாச் செடிக்கும் எல்லாச் சேர்மத்துக்கும் இது பொருந்தவில்லை என்று பின்னால் கடுமையான விமர்சனங்களும் வந்தன. ஆனால் தழைச்சத்து கூடினால் ஃபிளேவனாய்டு குறையும் என்ற போக்கு மட்டும் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

இதை அழகாகக் காட்டியது கீரை இல்லை, தக்காளி. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பத்து வருடம் ஒரே இடத்தில் இயற்கை முறையும் வழக்கமான முறையும் பக்கத்துப் பக்கத்தில் நடத்தினார்கள். 2007-இல் முடிவு வந்தது: இயற்கை முறைத் தக்காளியில் குவெர்செட்டின் 79 சதவீதமும் கேம்ப்ஃபெரால் 97 சதவீதமும் அதிகம். செய்தித்தாள்களில் இவ்வளவுதான் வந்தது. கட்டுரைக்குள் இன்னொன்று இருந்தது. ஆரம்ப வருடங்களில் இந்த வித்தியாசம் இவ்வளவு இல்லை. மண்ணில் கரிமப் பொருள் நிறைந்து, இனி இவ்வளவு எரு தேவையில்லை என்று அளவைக் குறைத்த பிறகுதான் ஃபிளேவனாய்டு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அதாவது எரு போட்டதால் மட்டும் இல்லை, எருவைக் *குறைத்ததும்* சேர்ந்துதான்.

இதைப் படித்ததும் என் மாடித் தோட்டத்தில் நான் செய்த இரண்டு கூத்துகள் ஞாபகம் வந்தன. தோட்டம் ஆரம்பித்த புதுசில், யாரோ கொடுத்த யூரியாவில் ஒரு கைப்பிடி அள்ளி ஒரு பைக்குப் போட்டேன். இரண்டடிக்கு ஓரடிப் பை. இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. "ரசாயனம்னாலே விஷம்தான்" என்று முடிவு கட்டி, அடுத்த தடவை ஒரு பைக்கு இரண்டு கிலோ காய்ந்த கோழி எருவைப் போட்டேன். கீரை புதர் மாதிரி வந்தது. இயற்கை விவசாயத்தின் மகிமை என்று போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்.

இப்போது கணக்குப் போடுவோம். கைப்பிடி யூரியா சுமார் 35 கிராம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், ஆக 16 கிராம். அந்தப் பையின் பரப்புக்கு இதை எக்டேருக்கு மாற்றினால் சுமார் 850 கிலோ நைட்ரஜன். நெல்லுக்கே எக்டேருக்கு 150 கிலோ அளவில்தான் பரிந்துரைப்பார்கள்! கோழி எருவுக்கு வருவோம். காய்ந்த கோழி எருவில் 3 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்தால் இரண்டு கிலோவில் 60 கிராம். அதில் பாதி அந்தப் பருவத்தில் கரைந்து கிடைத்தாலும் 30 கிராம். "விஷம்" என்று நான் ஒதுக்கிய யூரியாவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மெதுவாகக் கிடைத்ததால் இலை கருகவில்லை, அவ்வளவுதான்.

மண்ணுக்குள் போன யூரியா சில நாளில் அம்மோனியமாகி, பிறகு பாக்டீரியாக்கள் வழியாக நைட்ரேட் ஆகிறது. கோழி எருவும் கடலைப் புண்ணாக்கும் தொழுவுரமும் அதே அம்மோனியம், அதே நைட்ரேட்டாகத்தான் கடைசியில் வேருக்குப் போய்ச் சேருகின்றன. வேறுபாடு வேகத்திலும் அளவிலும். தொழுவுரத்தில் நைட்ரஜன் அரை சதவீதம் போலத்தான் இருக்கும், அதுவும் பொறுமையாக அவிழும். கடலைப் புண்ணாக்கில் ஏழு சதவீதம், அது வேகமாக அவிழும். இரண்டையும் "இயற்கை உரம்" என்று ஒரே பெட்டியில் போடுவதால்தான் ஆய்வுகளும் குழம்புகின்றன என்பது என் சந்தேகம். 2009-இல் லண்டனில் இருந்து வந்த டாங்கோர் குழுவின் தொகுப்பாய்வு இயற்கை முறை உணவில் குறிப்பிடத்தக்க சத்து வித்தியாசம் இல்லை என்றது. 2014-இல் நியூகாசிலில் இருந்து வந்த பரான்ஸ்கி குழு 343 கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்து, பாலிஃபீனால்கள் கணிசமாக அதிகம் என்றது. இரண்டு பக்கமும் இன்றுவரை சண்டை. லேபிளை வைத்துப் பிரிக்காமல், செடிக்கு எவ்வளவு நைட்ரஜன் எந்த வேகத்தில் கிடைத்தது என்று பிரித்திருந்தால் பாதிச் சண்டை தீர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் ஆன்டி ஆக்சிடண்ட் என்ற வார்த்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உணவுப் பொருள்களின் ஆன்டி ஆக்சிடண்ட் திறனை எண்ணாகப் போட்டு அமெரிக்க வேளாண் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2012-இல் அதை அவர்களே இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சோதனைக் குழாயில் வரும் அந்த எண்ணுக்கும் உடம்புக்குள் நடப்பதற்கும் சம்பந்தமில்லை, விளம்பரக்காரர்கள்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணம். ஃபிளேவனாய்டுகள் பயனற்றவை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் பாக்கெட்டில் அந்த எண்ணைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வைட்டமின் சி பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தழைச்சத்து கூடினால் குறைகிறது, உண்மை. ஆனால் கீரையைப் பறித்து இரண்டு நாள் வெயில் காலத்தில் வெளியே வைத்தாலோ, தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தாலோ போகிற வைட்டமின் சி அதைவிட அதிகம். கீரையை நாம் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம். வைட்டமின் சி வேண்டுமென்றால் நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கிறது. லூட்டின் அப்படி இல்லை, வேகவைத்தால் பெரிதாகப் போகாது. அது எண்ணெயில் கரைவது, அதனால் ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால் உடம்பில் நன்றாக ஏறும்.

பயப்பட வேண்டியதும் பயப்படத் தேவையில்லாததும் ஒரே பொருளாக இருக்கிற விசித்திரம் ஒன்று உண்டு: நைட்ரேட். செடி உறிஞ்சும் நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற ஒரு நொதி வேண்டும், அந்த நொதி வேலை செய்ய வெளிச்சம் வேண்டும். உரம் அதிகம், வெளிச்சம் குறைவு என்றால் நைட்ரேட் இலையிலேயே தேங்கும், அதைவிடக் காம்பில் தேங்கும். ஐரோப்பாவில் பச்சை ஸ்பினாச்சுக்குக் கிலோவுக்கு 3,500 மி.கி. என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மி.கி. வரை தினமும் உட்கொள்ளலாம் என்பது பன்னாட்டு அளவு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 222 மி.கி. கிலோவுக்கு 2,500 மி.கி. இருக்கிற கீரையில் 100 கிராம் சாப்பிட்டாலே 250 மி.கி. ஆகிவிடும். ஒரு பொரியல், வரம்பு தாண்டியாச்சு.

அப்படியானால் ஆபத்தா? 2006-இல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 17 ஆரோக்கியமான பேருக்கு மூன்று நாள் நைட்ரேட் கொடுத்துப் பார்த்தார்கள். கீழ் ரத்த அழுத்தம் சராசரியாக 3.7 அலகு இறங்கியது. கொடுத்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு 6.2 மி.கி. அதாவது "பாதுகாப்பான" அளவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கொடுத்துத்தான் நல்ல பலன் தெரிந்தது. நாக்கில் இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட் ஆக்க, உடம்பு அதை நைட்ரிக் ஆக்சைடு ஆக்கி ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நைட்ரேட்டுக்குப் பயந்து கீரையை விடாதீர்கள் என்ற முடிவுக்குத்தான் வந்தது. பெரியவர்களுக்கு, அதுவும் ரத்த அழுத்தம் உள்ள என் அம்மாவுக்கு, இது பெரிய கவலை இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கைக்குழந்தைகள் விஷயம் வேறு. நைட்ரைட் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும், குழந்தைகளால் அதைச் சமாளிக்க முடியாது. சமைத்த கீரையை வெளியே வைத்தால் பாக்டீரியா வளர்ந்து நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற ஆரம்பிக்கும். மிச்சக் கீரையை மறுநாளைக்கு வைக்காதே என்று பாட்டி திட்டுவாரே, அதை நான் வெகுநாள் மூடநம்பிக்கைக் கணக்கில் வைத்திருந்தேன். பாட்டியிடம் மன்னிப்புக் கேட்க இப்போது வழியில்லை.

இன்னொன்று. சந்தைக் கீரை பெரும்பாலும் விடியற்காலையில் பறிபடுகிறது. ராத்திரி முழுக்க நொதி சும்மா இருந்துவிட்டதால் அப்போதுதான் இலையில் நைட்ரேட் உச்சம். மாடியில் இருப்பவர்கள் மத்தியான வெயில் பார்த்த இலையைச் சாயங்காலம் பறித்தால் போதும், ஒரு பைசா செலவில்லாமல் குறைத்துவிடலாம்.

நைட்ரஜன் எந்த வடிவத்தில் வருகிறது என்பதும் முக்கியம். செடி நைட்ரேட்டைப் புரதமாக்கும்போது உள்ளே காரத்தன்மை ஏறும். அதைச் சரிக்கட்ட ஸ்பினாச், முளைக்கீரைக் குடும்பம் ஆக்சாலிக் அமிலத்தைத் தயாரிக்கிறது. அம்மோனியம் வடிவில் நைட்ரஜன் கிடைத்தால் இந்தத் தேவை இல்லை, ஆக்சலேட்டும் குறைகிறது. ஆக்சலேட் என்றால் சிறுநீரகக் கல் ஞாபகம் வரும். கீரையில் இருக்கும் கால்சியத்தை நம் உடம்புக்குக் கொடுக்காமல் பூட்டி வைப்பதும் அதுதான். கல் பிரச்சினை உள்ளவர்கள் உரத்தைப் பார்த்துக் கீரை வாங்க முடியாது என்பது வேறு விஷயம். அவர்கள் முருங்கை பக்கம் போவது சுலபம், பாலக்கை விட அதில் உடம்பு எடுத்துக்கொள்ளும் கால்சியம் அதிகம்.

முருங்கை என்றதும் கந்தகம். முருங்கை, கோஸ், கடுகு, முள்ளங்கி நான்கும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்று தெரிந்தபோது நான் நம்பவில்லை. நான்கிலும் குளுக்கோசினோலேட் என்ற சேர்மங்கள் உண்டு, முள்ளங்கிக் கீரையைக் கசக்கினால் மூக்கில் ஏறுகிற அந்தக் காரம் இவை உடைவதால்தான். ப்ரோக்கோலியின் சல்ஃபோரஃபேனை 1992-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தலலே குழு பிரித்தெடுத்த பிறகு இவற்றுக்குப் பெரிய பெயர். ஒவ்வொரு குளுக்கோசினோலேட்டிலும் குறைந்தது இரண்டு கந்தக அணுக்கள் இருக்கும். மண்ணில் கந்தகம் இல்லாமல் யூரியாவை மட்டும் கொட்டினால் கோஸ் பெரிதாக வரும், குளுக்கோசினோலேட் வராது. இதே கந்தகத்தைக் காலேயில் கூட்டிக் குறைத்துப் பார்த்தபோது கரோட்டினாய்டுகள் அசையவே இல்லை. அதாவது ஒரே இலையில் ஒரு நல்ல பொருள் ஒரு உரத்துக்கும் இன்னொன்று வேறு உரத்துக்கும் தலையாட்டுகிறது.

நம்ம ஊரில் கந்தகம் குறைந்ததற்குக் கதை இருக்கிறது. முன்பு அதிகம் போட்ட அம்மோனியம் சல்பேட்டில் சுமார் 24 சதவீதம் கந்தகம், சூப்பர் பாஸ்பேட்டில் 11 சதவீதம். யாரும் கந்தகத்துக்காக அவற்றை வாங்கவில்லை, அது பாட்டுக்கு மண்ணுக்குப் போனது. பிறகு யூரியாவும் டிஏபியும் வந்தன. இரண்டிலும் கந்தகம் பூஜ்யம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது விவசாயி வேறெதை வாங்குவார்? 2023-இல் கந்தகம் பூசிய யூரியாவை மத்திய அரசு கொண்டுவந்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். ஐரோப்பாவில் வேறு மாதிரி. அங்கே அனல் மின் நிலையப் புகையைச் சுத்தம் பண்ணியதும், மழையோடு இலவசமாக வந்துகொண்டிருந்த கந்தகம் நின்று, கடுகு வகைப் பயிர்களில் பற்றாக்குறை தெரிய ஆரம்பித்தது.

கந்தகம் குறைவதை எல்லாரும் நஷ்டமாகப் பார்ப்பதும் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் விடாலியா என்ற வெங்காயம், ஆப்பிள் மாதிரி கடித்துத் தின்னலாம் என்று பெயர் வாங்கியது. அந்த மண்ணில் கந்தகம் குறைவு, அதனால் காரம் இல்லை. அந்தக் குறைக்குத்தான் கூடுதல் விலை! கசப்பும் காரமும் துவர்ப்பும் போன கீரையைத்தான் நாமும் "இளசா இருக்கு" என்று தேடி எடுக்கிறோம்.

கீரை வண்டிக்காரரிடம் ஒருநாள் கேட்டேன், ஒவ்வொரு அறுப்புக்கும் யூரியா போடுவீங்களா என்று. "போடாம எப்படி சார் அடுத்த வாரம் தழையும்? நீங்களே வெளுத்ததை வாங்குவீங்களா?" என்றார். நியாயம்தான். ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார், "யூரியா தூக்கலாப் போனா புழு வந்துரும், அப்புறம் மருந்து அடிக்கணும்." ஃபீனால் குறைந்த, புரதம் நிறைந்த இலை பூச்சிக்கு விருந்து என்பதை எந்தக் கோட்பாடும் படிக்காமல் சொல்கிறார். என்னைக் கேட்டால், கடைக்கீரையில் நாம் கவலைப்பட வேண்டியது யூரியாவுக்கு இல்லை, அதன் பின்னால் வருகிற இந்த மருந்துக்குத்தான். கறுத்த கீரையில் லூட்டின் கூடவே இருந்தாலும் நான் முழுக்கக் கடைப்பக்கம் சாயாததற்கு அதுதான் காரணம்.

இப்போது மாடியில் என்ன செய்கிறோம் என்றால், தொழுவுரம் அடியில் அப்படியே. அதற்கு மேல் பத்து நாளைக்கு ஒருமுறை, ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஒரு பைக்கு ஒரு டம்ளர், நன்றாகத் தண்ணீர் கலந்து. இலை நடுத்தரப் பச்சைக்கு வந்தால் நிறுத்திவிடுவேன். கருகருவென்று ஆகவும் விடுவதில்லை, வெளுக்கவும் விடுவதில்லை. முள்ளங்கிப் பைக்கு மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்சம், கந்தகத்துக்காக. பறிப்பது சாயங்காலம். அம்மாவிடம் என் பழைய பதில் தப்பு என்று சொன்னேன். "அதான் அன்னிக்கே கறுப்பா இருக்கறதை எடுத்தேன்" என்றார்.

தை மாசம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். மோசமாகவில்லை என்றார் மருத்துவர். ஆறு மாதம் என்பது அந்த நோய்க்குச் சின்னக் காலம், மாத்திரையும் கூடவே ஓடுகிறது, அதனால் கீரைக்கு இதில் பங்கு கேட்க நான் தயாரில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில், "பொன்னாங்கண்ணிதான் கண்ணுக்குன்னு எங்கம்மா சொல்லுவா, அதுக்கு ஒரு பை வையேன்" என்றார் அம்மா. வைத்திருக்கிறேன். அதுவும் அதே குடும்பம்தான், அதே கடலைப் புண்ணாக்குதான்.